தேவராஜ் அண்ணன் பார்க்காத கடல்

எங்கள் திருவொற்றியூர் தெருவில் இப்போதெல்லாம் ஒரு கல்யாணம் முடிந்தால் மறுவாரமே போனில் ஒரு படம் வந்து விழுகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் தண்ணீருக்கடியில், வாயில் குழாயோடு, கைகோத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். ஒன்று அந்தமான், இல்லையென்றால் மாலத்தீவு. நல்லதுதான், நாலு இடம் பார்க்கட்டும். ஆனால் தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். எதிர்வீட்டு மாப்பிள்ளைக்கு அது தெரியவில்லை. போட்டோவுக்காக விரலை உயர்த்தியிருக்கிறார், கூட வந்த கைடு பாதியிலேயே அவரை மேலே ஏற்றிவிட்டார். கொடுத்த காசுக்குப் பாதி மீன்தான் பார்த்தேன் என்று என்னிடம் வந்து புலம்பினார்.

நான் அந்தமான் தீவு ஒன்றில் பல வருடங்கள் அந்த வேலையைத்தான் செய்தேன். சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது. முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள், சென்னைத் துறைமுகத்தில் முங்கிக்கொண்டிருந்த நான் தீவுக்கு எப்படி வந்தேன் என்று எழுதி அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் என் கதை நாலு வரியில் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் தேவராஜ் அண்ணனும் அவர் மனைவி சரோஜா அண்ணியும்தான்.

பிறந்தது ராயபுரம். நீச்சல் யாரும் சொல்லித் தந்ததில்லை. துறைமுகக் கப்பல்களுக்கு டைவர்களை அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் கயிறு சுருட்டினேன், காற்றுக்குழாய் கழுவினேன், அதற்குக் காற்று தள்ளும் கம்ப்ரெஸரைப் பழுது பார்க்கப் பழகினேன். அடுத்த மழைக்குள் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொண்ட கயிற்றையும் வலையையும் அறுப்பது, விழுந்த சங்கிலியைத் தேடுவது, இவைதான் எங்கள் வேலை. அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன சொல்ல? சேறு, எண்ணெய், நிலக்கரித் தூள் எல்லாம் சேர்ந்த கஷாயம். இரண்டு ஆள் ஆழம் போனால் நம் கை நமக்கே தெரியாது. அதனால் கண்ணை மூடிக்கொள்வோம். திறந்து வைத்திருந்தால் இல்லாததையெல்லாம் மனசு காட்டும், பயம் பிடித்துக்கொள்ளும். மூடிக்கொண்டால் கை தன் வேலையைப் பார்க்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நாங்கள் ஆளையே விட்டுத்தான் பிழைத்தோம்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் தேவராஜ் அண்ணன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. சின்ன வயதில் பாக்சிங் ஆடி மூக்கு சப்பையாகியிருந்தது. அந்த மூக்கைப் பார்த்துவிட்டு ஆள் முரடு என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பேச்சும் குறைவு. அதற்குப் பதிலாக, செய்கிற ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்ப்பார். நாங்கள் இடுப்பில் கயிறு கட்டிய பிறகு முடிச்சை அவர் ஒருமுறை இழுப்பார். காற்றுக்குழாயைத் தன் வாயில் வைத்து மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு, துடைத்துத் தருவார். எங்களுக்கு முன்னால் அவர் கப்பலில் ஏறிவிடுவார். இன்ஜின் நின்றிருக்கிறதா, கடல் தண்ணீரை உறிஞ்சும் வால்வுகள் மூடியிருக்கின்றனவா என்று கூடவே நின்று பார்ப்பார்.

அதோடு விடமாட்டார். அந்தக் கப்பலின் சீஃப் இன்ஜினியரைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து கரையில் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வார். "நீ இங்கியே நில்லு சாரு. எம்புள்ள மேல வர்ற வரிக்கும் நீ கப்பலுக்குப் போவக்கூடாது," என்பார். இன்ஜினியர் கரையில் நிற்கும்போது எவன் இன்ஜினைக் கிளப்புவான்? கிரேக்கராக இருந்தாலும் கொரியராக இருந்தாலும் அண்ணன் பேசியது வியாசர்பாடித் தமிழ்தான். ஒருவருக்காவது புரியாமல் போனதில்லை. வெயிலில் நின்று முகம் சுளித்தவர்கள் உண்டு, நகர்ந்தவர்கள் இல்லை.

எங்கள் பேச்செல்லாம் கயிற்றில்தான். ஒரு முனை டைவர் இடுப்பில், மறுமுனை அண்ணன் கையில். அவர் ஒருமுறை இழுத்தால் 'நல்லா கீறியா?' நாங்கள் திருப்பி ஒருமுறை இழுத்தால் 'நல்லா கீறேன்.' கயிற்றை இன்னும் விடு, இழு, உடனே தூக்கு என்பதற்கெல்லாம் வேறு வேறு கணக்கு உண்டு. ஆனால் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருந்தது அந்த ஒற்றை இழுப்புத்தான். இருட்டுக்குள் அது வந்து இடுப்பைத் தொடும்போது, மேலே ஓர் உலகம் இருக்கிறது என்று நினைவு வரும்.

அண்ணன் எங்களுக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. கடலுக்குள் இருக்கும் இருட்டைப் பற்றி வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது. "அத்தச் சொன்னா, நீ வேலைக்கிப் போன நேரமெல்லாம் அவ இருட்டுல குந்திகினு இருப்பா. ஒர்த்தரு இருட்டுல கீறது பத்தாதா?" என்பார். நாங்கள் எல்லோரும் சரியென்று தலையாட்டினோம். என் மனைவி கேட்டபோதெல்லாம் நானும், கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

ஒருநாள் ப்ரொப்பல்லரில் மீன்வலை சுற்றிய கப்பல் ஒன்று வந்தது. நான் இறங்கி அறுத்துக்கொண்டிருந்தேன். அறுந்த வலை நீரோட்டத்தில் மிதந்து வந்து என் கால்களைச் சுற்றிவிட்டது. கத்தி கையிலிருந்து நழுவிப் போனது. உடனே தூக்கு என்று கயிற்றை இழுத்தேன். கயிறு அசையவில்லை. சுக்கானுக்கும் கப்பலுக்கும் நடுவில் எங்கோ செருகிக்கொண்டிருந்தது. நான் இழுப்பது அவருக்குப் போகாது, அவர் இழுப்பது எனக்கு வராது. மூச்சுக்குக் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த இருட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மேலே அண்ணன் ஒருமுறை இழுத்திருக்கிறார், பதில் இல்லை. மறுமுறை இழுத்தபோது கயிறு தூணில் கட்டியதுபோல நின்றிருக்கிறது. அடுத்த நிமிடம் கயிற்றை இன்ஜினியர் கையில் திணித்துவிட்டு, சிலிண்டரை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டார். கயிற்றைப் பிடித்தபடியே வந்திருக்கிறார். என் தோளில் ஒரு கை பட்டது. அது முழங்கை வழியாக இறங்கி, மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்தது. நானும் ஒருமுறை இழுத்தேன். அதன் பிறகு அவர் வலையை அறுத்ததும், கரைக்கு வந்ததும் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் கை மட்டும் நினைவிருக்கிறது. இன்றைக்கு நான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அந்தக் கை கொடுத்த நாட்கள்தான் இவை.

என்னைத் தீவுக்கு அனுப்பியதும் அவர்தான். அந்தமானில் டைவிங் கடை நடத்திய ஜார்ஜ் என்ற மலையாளிக்கு கம்ப்ரெஸர் பழுது பார்க்கத் தெரிந்த டைவர் ஒருவர் தேவைப்பட்டார். விஷயம் அண்ணன் காதுக்கு முதலில் வந்தது. அவரையே போகச் சொன்னேன். "எனக்கு இங்க பழகிப்போச்சு. நீ சின்னவன். இந்த கலீஜ் தண்ணில எத்தினி நாளு கெடப்ப? கண்ணுக்கு வேலை கீற எடத்துக்குப் போ சேகரு," என்றார். போர்ட் பிளேர் கப்பலில் என்னை ஏற்றிவிட அவரே வந்தார். கையசைக்கவெல்லாம் இல்லை. கப்பல் நகரும்வரை கரையில் நின்றிருந்தார்.

தீவில் முதல் நாள் நடந்த கூத்தைச் சொன்னால் இன்றும் சிரிப்பார்கள். பழக்கதோஷம். கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கி, இரண்டு கைகளாலும் பாறையைத் தடவிக்கொண்டே போனேன். பவளம் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மேலே வந்ததும் ஜார்ஜ் ஆசையாக, என்னவெல்லாம் பார்த்தாய் என்று கேட்டார். ஒன்றும் பார்க்கவில்லை சார் என்றேன். அங்கே முதல் சட்டமே எதையும் தொடாதே என்பதுதான். தொட்டால் பவளம் செத்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு கண்ணால் பார்ப்பதை நான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

கண்ணைத் திறந்து பார்த்த அன்று அழுதுவிட்டேன். மஞ்சளும் நீலமுமாக மீன் கூட்டம், அதற்கு நடுவே மேலிருந்து இறங்கும் வெயில். கடலுக்குள் வெயில் அடிக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அண்ணன் இதைப் பார்க்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. ஒவ்வொரு வருடமும் போன் செய்து கூப்பிடுவேன். வர்றேன் வர்றேன் என்பார், வரவில்லை. கடைசியில் சிறிது நாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். புயல் எச்சரிக்கையால் தீவை விட்டுப் படகு கிளம்பாத நேரம். தோள் கொடுக்கக்கூட என்னால் வர முடியவில்லை.

அடுத்த வருடம் சரோஜா அண்ணியும் மகள் மித்ராவும் தீவுக்கு வந்தார்கள். மித்ரா ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், எங்கே கூட்டிப் போகட்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அண்ணி கோவிலோ மலையோ கேட்கவில்லை. "ஒங்கப்பா ஆயுசுக்கும் எதுக்குள்ள கெடந்தாரோ, அத்தப் பாக்கணும்," என்றாராம். சுற்றிலும் கடல் இருக்கும் தீவுக்குக் காசிமேட்டுக் கருவாடு கொண்டுவந்த ஒரே விருந்தாளி அவர்தான்.

டாக்டர் பார்த்து, நெஞ்சும் காதும் நன்றாக இருக்கின்றன என்று சொன்ன பிறகுதான் தண்ணீருக்குக் கூட்டிப்போனேன். உடம்போடு ஒட்டும் ரப்பர் உடுப்பைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் நடுவில் நடப்பதா என்று பிடிவாதம் பிடித்தார். மேலே மித்ராவின் சுரிதாரைப் போட்டுக்கொண்டு சமாதானமானார். இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்து வாயால் மூச்சு விடப் பழக்கினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு காதை ஊதித் திறப்பது, மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் வெளியேற்றுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இளவட்டங்கள் பாதி கேட்டுவிட்டு எனக்குத் தெரியும் என்பார்கள். அண்ணி ஒவ்வொன்றையும் மூன்று தரம் செய்து பார்த்தார். பிறகு அவர் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்தபடி மெல்ல ஆழத்துக்கு இறக்கினேன்.

உடும்புப்பிடியாக என் கையைப் பிடித்திருந்தவர், ஒரு பெரிய கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்பதைப் பார்த்ததும் பிடியைத் தளர்த்தினார். கோமாளி மீன்கள் பூ மாதிரி இருக்கும் உயிருக்குள் ஓடி ஒளிவதை எத்தனை நேரம் பார்த்தார் தெரியுமா? நான்தான் காற்று அளவைக் காட்டி மேலே அழைத்து வந்தேன்.

வழக்கமாக மேலே வந்ததும் எல்லோரும் கத்துவார்கள், கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அண்ணி தனியாகப் போய் மணலில் உட்கார்ந்துகொண்டார். முகம் இறுகிப்போயிருந்தது. பயந்துவிட்டார்களோ என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இத்தயெல்லாம் பாத்துட்டுத்தான் வூட்டுக்கு வந்து வாயே தொறக்காம குந்திகினு இருந்தாரா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி நிறுத்தவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், தண்ணிக்குள்ள இன்னாதான் கீது என்று. "இன்னா கீது, தண்ணி கீது" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லையாம். "நான் படிக்காதவ, எங்கிட்டச் சொல்லி இன்னா ஆவப் போவுதுனு நெனச்சிருக்காரு. ஆயுசுக்கும் சோறு போட்டவளுக்கு, ஒரு மீனு இப்டி இருந்துச்சுனு சொல்ல வாய் வரல அவுருக்கு," என்றார். செத்தவரிடம் சண்டை போட முடியாத கோபம் அது.

அண்ணன் வைத்த சட்டத்தை அவர் இருந்தவரை நான் மீறியதில்லை. என் உயிரைத் திருப்பிக் கொடுத்தவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். ஆனால் நான் வாய் மூடியிருந்தால், தன்னை ஒரு மனுஷியாகவே மதிக்காத ஆளோடு வாழ்ந்தோம் என்று இந்த அம்மா சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார். அண்ணன் இருந்திருந்தால் அதைத் தாங்கியிருப்பாரா? மாட்டார் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். துறைமுகத் தண்ணீரில் மீனும் இல்லை, வெயிலும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்தோம், உங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அண்ணன் மறைத்தார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி நம்பவில்லை. "நீ ஒங்க அண்ணனுக்கு வக்காலத்து வாங்குற. கண்ண மூடிகினு ஆயுசுக்கும் எவனாவது வேலை செய்வானா?" என்றார்.

எங்கள் கடையில் பயிற்சிக்காகக் கறுப்பு டேப் ஒட்டிய ஒரு மாஸ்க் இருந்தது. ஜார்ஜிடம் கேட்டேன். மார்பளவுத் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது, கையை எடுக்கக் கூடாது என்று சொல்லி அனுமதித்தார். அண்ணியின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தேன். மறுமுனையை மித்ராவிடம் கொடுத்துக் கரையோரம் நிற்கச் சொன்னேன். "மித்ரா ஒருவாட்டி இழுத்தா, நல்லா கீறியானு கேக்குறானு அர்த்தம். நல்லா இருந்தீங்கனா நீங்க ஒருவாட்டி இழுங்க. பயமா இருந்தா எழுந்து நின்னுடுங்க, தண்ணி மார்புக்குத்தான் கீது," என்றேன். மாஸ்க்கை மாட்டினேன். அண்ணி மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் அவர் தலைக்கு மேல் மூடிக்கொண்டது.

நானும் உட்கார்ந்து அவர் சிலிண்டரைப் பிடித்திருந்தேன். முதலில் இரண்டு கைகளும் எதையோ தேடி அலைந்தன. பிறகு மணலில் ஊன்றிக்கொண்டன. மூச்சுக் குமிழிகள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. மித்ரா ஒருமுறை இழுத்தாள். அண்ணி அப்படியே உறைந்துபோனார், கை கயிற்றுக்குப் போகவே இல்லை. எழுப்பிவிடலாம் என்று நான் நகர்ந்தபோது மித்ரா மறுபடி இழுத்தாள். இந்த முறை அண்ணியின் கை மெல்ல வந்து கயிற்றைப் பிடித்தது. ஒருமுறை இழுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மித்ரா கேட்டாள், அண்ணி பதில் சொன்னார். இப்படியே போய்க்கொண்டிருந்தது. குமிழிகள் நிதானமாயின. போதும் என்று நான் தோளைத் தட்டியும் அவர் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் எழுந்து மாஸ்க்கைக் கழற்றியவர் கயிற்றை விடவில்லை. மித்ரா தண்ணீருக்குள் ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கத்துல என் கையப் புடிச்சி ஒருவாட்டி இழுப்பாரு சேகரு," என்றார் அண்ணி. "கல்யாணமான புதுசுலேர்ந்து. இன்னாடா இது பேஜாருனு நானும் ஒருவாட்டி இழுத்துட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன். இழுக்கலனா வுடமாட்டாரு. இழுத்துகினே இருப்பாரு. நான் பதிலுக்கு இழுத்தாதான் அடங்கித் தூங்குவாரு."

மித்ரா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கெட்ட கனா எதுனா காணுறாருனு நெனச்சேன். எங்கிட்டக் கேட்டுகினு இருந்துருக்காரு. நானும் பதில் சொல்லிகினுதான் இருந்துருக்கேன், இன்னா சொல்றேன்னு தெர்யாமயே," என்றார். பிறகு வெகுநேரம் அழுதார். அது பழைய கோபத்தின் அழுகை இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

சட்டத்தை மீறியதற்கு அண்ணன் என்னைக் கோபித்துக்கொள்வாரா என்று அன்றைக்கு யோசித்தேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவருக்கு நான் பட்ட கடனில் ஒரு நெல்மணி அளவாவது அந்தத் தண்ணீரில் தீர்ந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். இந்தத் தொழில் எனக்கு நல்ல சோறு போட்டது, நல்ல மனிதர்களைக் காட்டியது. வேறென்ன வேண்டும்?

மறுநாள் அவர்கள் போர்ட் பிளேருக்குத் திரும்புவதாக இருந்தது. காலையில் நான் கடையைத் திறக்கப் போனபோது அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். முதல் நாள் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்த அதே ரப்பர் உடுப்பு, மேலே சுரிதார்கூட இல்லை. பெட்டி கட்டவில்லையா அண்ணி, மித்ரா எங்கே என்று கேட்டேன்.

"அவ தூங்கட்டும். டிக்கெட்ட மாத்தச் சொல்லிட்டேன்," என்றார். "ஒங்க அண்ணன் பாக்காம வுட்டது எவ்ளோ கீது? நான்தான் அவுருக்கும் சேத்துப் பாத்தாவணும். சீக்கிரம் வா சேகரு, தண்ணிக்குள்ள வெயிலு எறங்குற நேரம்."